முதலில் முடித்துவிடும் பிள்ளைக்கு: என்ரிச் இணையதளம் பற்றி ஒரு கணக்கு ஆசிரியர்

நான் கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் விடையைச் சொல்லிவிடும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்றிரண்டு உண்டு. அவர்களுக்கு நாம் வழக்கமாகக் கொடுப்பது அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு. இல்லையென்றால் மற்றவர்களின் நோட்டைத் திருத்தும் வேலை. வேகமாகச் செய்ததற்குக் கூலி கூடுதல் சுமை என்று தெரிந்தால், கெட்டிக்காரப் பிள்ளை அடுத்த வாரமே மெதுவாக எழுதப் பழகிவிடும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்தும் என்ரிச் (NRICH) என்ற கணக்கு இணையதளம் 1996 முதல் இருக்கிறது. கட்டணம் கிடையாது. திறன் மிக்கவர்களைப் பிரித்துத் தனியே உட்காரவைக்காமல், யாரும் தொடங்கிவிடக்கூடிய, ஆனால் யாரும் எளிதில் கரைகாண முடியாத ஒரே கணக்கை வகுப்பு முழுவதற்கும் கொடுப்பது இதன் வழி.

ஆறாம் வகுப்பில் நான் அதிகம் பயன்படுத்துவது காரணி-மடங்கு விளையாட்டு. 1 முதல் 100 வரை எழுதிய கட்டம் ஒன்று, இரண்டு பேர். முதல் ஆள் 50-க்குக் குறைந்த ஓர் இரட்டை எண்ணை அடிக்க வேண்டும். அடுத்தவர் அதன் காரணியையோ மடங்கையோ அடிக்க வேண்டும். இப்படியே மாறி மாறிப் போக, அடிக்க எண் இல்லாதவர் தோற்றார். ஜெராக்ஸ் தாளும் பென்சிலும் போதும். வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளையும் உற்சாகமாக விளையாடுகிறது.

வகுப்பில் எப்போதும் முதலிடம் பிடிக்கும் ஒரு மாணவி தொடர்ந்து தோற்றாள். முகம் சிவந்துவிட்டது. பார்த்தவுடன் விடை வராத ஒன்று அதுவரை அவள் கையில் வந்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சமாதானம் சொல்லவில்லை, “முதல் எண் ஏன் 50-க்குக் குறைந்த இரட்டை எண்ணாக இருக்க வேண்டும்?” என்று மட்டும் கேட்டேன். மறுநாள் காலை இறைவணக்கம் முடிந்ததும் ஓடிவந்தாள்.

“சார், அந்த விதி இல்லையென்றால் நான் 97-ஐ அடிப்பேன். எதிராளிக்கு 1-ஐ விட்டால் வேறு வழியில்லை. உடனே நான் 89-ஐ அடிப்பேன். அதற்குக் காரணியும் மிச்சமில்லை, மடங்கு 100-ஐத் தாண்டிவிடும். ஆட்டம் முடிந்தது சார்!”

50-க்கு மேற்பட்ட பகா எண்கள்தான் சூட்சுமம் என்பதையும், 1-ஐத் தொட்டவர் தோற்பார் என்பதையும் பாடப்புத்தகத்தின் எந்தப் பயிற்சியும் இவ்வளவு அழுத்தமாக அவளுக்குச் சொல்லியிருக்காது.

அடுத்தடுத்த எண்களைக் கூட்டும் கணக்கும் நல்லது. 9 என்பது 4+5, 2+3+4 என்று இரண்டு விதமாக வருகிறது. 8 ஏன் எப்படியும் வர மறுக்கிறது? எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை முழுக்கப் போதும்.

ஆசிரியருக்கான குறிப்புகள் பல கணக்குகளோடு இருக்கின்றன: எப்படித் தொடங்குவது, எந்த இடத்தில் என்ன கேட்பது, முடித்தவர்களை மேலே எங்கே கொண்டுபோவது, திணறுபவர்களுக்கு எப்படிக் கைகொடுப்பது. எனக்கு கணக்கைவிட இந்தப் பகுதிதான் உசத்தி. உலகின் பல பள்ளிகளிலிருந்து மாணவர்கள் அனுப்பிய தீர்வுகளையும் வெளியிடுகிறார்கள். ஆனால் வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் கைபேசி உள்ள பிள்ளை நேராக அங்கே போய்விடும். வகுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கடங்களும் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழி வகுப்புக்கு முதல் நாள் இரவே உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். வகைப்பாடு இங்கிலாந்துப் பாடத்திட்டத்தை ஒட்டியது. நம் பருவம், இயல் கணக்கில் தேடினால் தலை சுற்றும். தலைப்பை வைத்துத் தேடுவதே சுலபம்.

என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சித் தாள் தேடுபவர்களுக்கு இது உதவாது. அதற்குப் பழைய வினாத்தாள்களே சரி. வேகக்காரப் பிள்ளையை வைத்துக்கொண்டு விழிக்கும் ஆசிரியர் யாராக இருந்தாலும், முதலில் அந்தக் காரணி-மடங்குக் கட்டத்தை ஜெராக்ஸ் எடுங்கள். சக ஆசிரியர் ஒருவரோடு ஒருமுறை விளையாடிப் பார்த்துவிட்டு வகுப்புக்குள் போங்கள். இல்லையென்றால் பிள்ளைகளிடம் தோற்க நேரும்.