இனப்படுகொலைப் பாடத்துக்கு ஒரு பயிற்சிப் பெட்டி: 9-ஆம் வகுப்பில் எந்த அளவு உதவும்?

நாகர்கோவில், தக்கலை வட்டாரப் பள்ளிகளில் கைமாறிச் சுற்றிவரும் இந்தப் பெட்டியில் லேமினேட் செய்த 40 அட்டைகள், 3 வரைபடங்கள், ஓர் ஆசிரியர் கையேடு, ஒலித்துணுக்குகள் கொண்ட ஒரு பென்டிரைவ் இருக்கின்றன. வாடகை கிடையாது, ஆட்டோ செலவு பள்ளியுடையது. 9-ஆம் வகுப்புக்குக் கீழே இதை எடுக்க வேண்டாம்.

பாடம் உள்ளூரில் தொடங்குவது பெரிய பலம். சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-ல் நடந்த சத்தியாகிரகம், 1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேச அறிவிப்பு, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் மூன்றும் முதல் அட்டைகளில் வருகின்றன. தெரிந்த தெரு என்பதால் பிள்ளைகள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள். ஆனால் தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் வந்த 1859 ஜூலை 26 அறிவிப்பை ‘உரிமை கிடைத்தது’ என்று ஒரே வரியில் முடித்திருப்பது பிழை. மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் அதே அறிவிப்பில்தான் இருந்தது. ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதிச் சேர்க்க வேண்டும். உரிமை தருகிற சட்டத்துக்குள்ளேயே பாகுபாடு எப்படிப் பதுங்கும் என்பதற்கு இவ்வளவு நல்ல சான்று வேறு எந்த அட்டையிலும் இல்லை.

அடுத்த பகுதிதான் பெட்டியின் உயிர். கொலைக்களத்தைக் காட்டுவதற்கு முன் காகிதங்களைக் காட்டுகிறது. ஜெர்மனியில் 1935-ல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள். ருவாண்டாவில் பெல்ஜிய ஆட்சிக் காலத்தில் வந்த, இனப்பெயர் குறித்த அடையாள அட்டை. 1994-ல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்தே டுட்சி மக்களைப் பிரித்துக் கொன்றார்கள். சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர். அவர்களைக் ‘கரப்பான்பூச்சி’ என்று வானொலி ஏற்கெனவே அழைத்துப் பழக்கியிருந்தது. இந்த இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி, வகுப்பில் புழங்கும் பட்டப்பெயர்களை யோசிக்கச் சொல்லுங்கள். யாரையும் சுட்டிப் பேச விடாதீர்கள்.

இனப்படுகொலை ஆய்வாளர் கிரெகரி ஸ்டான்டன் வகுத்த, இனப்படுகொலையின் பத்து நிலைகளின் அட்டைகளில் எண்கள் பெரிதாக அச்சாகியிருக்கின்றன. பிள்ளைகள் அவற்றை வரிசையாக ஏறும் படிகளாக எடுத்துக்கொள்வார்கள். பல நிலைகள் ஒரே காலத்தில் நடக்கக்கூடியவை. எண்கள்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, குழுக்களையே அடுக்கச் சொல்வது நல்லது.

வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை ஒதுக்கிவைக்கும் ‘நடித்துப் பார்ப்போம்’ விளையாட்டைக் கட்டாயம் தவிர்க்கவும். யார் எந்தச் சாதி, எந்தச் சபை, எந்தக் கோயில் என்று எல்லாருக்கும் தெரிந்த வகுப்பில் அது நடிப்பாக நிற்காது. இடைவேளையிலும் பேருந்திலும் தொடரும். ஒதுக்கப்படும் வலியைப் புரியவைக்க, உயிர்தப்பியவர்களின் வாக்குமூல ஒலித்துணுக்கு ஒன்றே போதும். பிணக்குவியல் படங்கள் நான்கையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். அதிர்ச்சியில் கேள்வி கேட்கிற மனம் அடைபட்டுவிடும்.

கையேட்டின் பெரிய ஓட்டை ஈழம். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஆனால் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மறுவாழ்வு முகாம்களிலிருந்து வரும் மாணவர்கள் இம்மாவட்டப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களை எழுப்பி ‘நீ சொல்லு’ என்று கேட்பது கொடுமை. 1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப்போனதை ருவாண்டா அட்டையின் பக்கத்தில் வைத்துப் பேசலாம். பிறகு 1948 ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவைத் தமிழில் வாசித்து, ‘அழிக்கும் நோக்கம்’ என்ற நிபந்தனையை விளக்கி, 2009 முள்ளிவாய்க்காலை அந்த வரையறையோடு வைத்து விவாதிக்க விடுங்கள்.

கையேடு சொல்லும் இரண்டு பீரியடு போதாது, நான்கு வேண்டும். கடைசிப் பீரியடை வெள்ளிக்கிழமை மாலையில் வைக்காதீர்கள். கலங்கிப்போன பிள்ளையிடம் மறுநாள் பேச ஆள் இருக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் நான்கு பீரியடு கிடைக்காது, ஆகவே பெட்டியை ஜூலை, ஆகஸ்டுக்கே கேட்டு வைப்பது நல்லது.