டான்ஃபீல்ட் ரயில்: காஸியில் இறங்க மறக்காதீர்கள்

இங்கிலாந்தின் டர்ஹாம் பக்கத்துப் பழைய நிலக்கரி ரயில் தடங்களைத் தேடி அலைபவர்களுக்கு என் முதல் பரிந்துரை டான்ஃபீல்ட் ரயில்தான். சன்னிசைடுக்கும் கிழக்கு டான்ஃபீல்டுக்கும் இடையே மூன்று மைல். 1964இல் மூடப்பட்ட தடத்தில் இப்போது தன்னார்வலர்கள் நீராவி இன்ஜின் ஓட்டுகிறார்கள். மரப்பெட்டிகள் நன்றாகவே குலுக்கும். இடுப்பு வலிக்காரர்கள் யோசித்து ஏறவும்.

காஸி நிலையத்தில் கட்டாயம் இறங்குங்கள். கொஞ்சம் நடந்தால் 1725–26இல் ரால்ஃப் வுட் என்ற கொத்தனார் கட்டிய கல் வளைவுப் பாலம். மரத் தண்டவாளத்தில் குதிரைகள் இழுத்த வண்டிகள் டைன் ஆற்றுக்குக் கரி கொண்டுபோன வழி இது. ஓடைக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அந்த மனிதரின் துணிச்சல் புரிகிறது. பாலம் விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே அவர் உயிரை மாய்த்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு. பாலமோ அசையாமல் நிற்கிறது!

இதே தடத்திலுள்ள மார்லி ஹில்லில் 1854ஆம் ஆண்டு இன்ஜின் கொட்டகையும் பார்க்க வேண்டியது. மழைநாளில் பாதை சேறாகிவிடும், செருப்போடு போகாதீர்கள்.