கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்: ரத்தம் எடுத்த தம்பிக்கு 5 ஸ்டார், பேக்கேஜுக்கு 2

சித்திக்கு வயிறு வீங்கிக்கொண்டே போனது. சி.டி. ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர், கல்லீரலில் நாலைந்து கட்டிகள். வேறு எங்கிருந்தோ பரவி வந்திருக்கிறது, எங்கே ஆரம்பித்தது என்று தெரிய வேண்டும், பயாப்சி எடுக்கலாம் என்றார் டாக்டர். அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. சும்மா உட்கார முடியாமல் நானே ஆன்லைனில் ஒரு லேபின் கேன்சர் மார்க்கர் பேக்கேஜை, அதாவது கேன்சர் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய சில பொருட்களை அளக்கும் டெஸ்டுகளை, புக் பண்ணிவிட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறரைக்கு வரவேண்டிய தம்பி ஆறு இருபதுக்கே வந்துவிட்டார், சித்தி கையில் நரம்பு கிடைப்பது பெரும்பாடு, ஒரே குத்தில் எடுத்தார். ரிப்போர்ட் மறுநாளே வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் பி.எஸ்.ஏ.வும் இருந்தது, ஆண்களின் புராஸ்டேட்டுக்குப் பார்ப்பது! சித்திக்கு எதற்கு?

சி.ஏ. 125 என்ற மார்க்கர் 412, 35-க்குள் இருக்க வேண்டுமாம். 5-க்குள் இருக்க வேண்டிய சி.இ.ஏ. 68. சி.ஏ. 19-9-ம் கொஞ்சம் கூடத்தான். 'ரிப்போர்ட் விளக்கம்' என்று போனில் வந்த பெண், சி.ஏ. 125 இவ்வளவு இருந்தால் சினைப்பைதான் மேடம் என்று அடித்துச் சொல்லிவிட்டார். மூன்று நாள் வீடே அழுதது, யார் யாரையோ பிடித்து மகப்பேறு டாக்டரைத் தேடி அலைந்தோம்.

எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வயிற்றில் நீர் கோத்தாலே சி.ஏ. 125 ஏறும்மா, கேன்சரே இல்லாத ஈரல் சுருக்கத்தில்கூட ஏறும் என்றார். 19-9 காமாலையிலும் ஏறுமாம், சிலருக்கோ உடம்பு அதைச் சுரக்கவே சுரக்காதாம். அப்புறம் ரிப்போர்ட் ஓரத்திலேயே 412-ஐ 68-ஆல் வகுத்து 6 என்று எழுதினார். சினைப்பை என்றால் இது பெரும்பாலும் 25-ஐத் தாண்டும், இது குடல் பக்கம் கை காட்டுகிறது, ஆனால் இதை நம்பி நான் கீமோ எழுத மாட்டேன் என்றார்.

விடை பயாப்சி சதையில்தான் இருந்தது. ஐ.எச்.சி. என்று ஒரு சோதனை, அந்தச் சதையின் மெல்லிய சீவல்களில் ஒவ்வொரு மார்க்கராகச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள், இருந்தால் பழுப்பாகத் தெரியும். சி.கே. 20, சி.டி.எக்ஸ். 2 இரண்டும் பழுப்பு, சி.கே. 7 பிடிக்கவே இல்லை. இப்படி வந்தால் பெரும்பாலும் பெருங்குடல்தான் என்றார்கள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் வலப்பக்கத்தில் கட்டி இருந்தது.

ரத்த மார்க்கரே வீண் என்று சொல்லமாட்டேன். எலும்பில் பரவி வந்த வயதான ஆணுக்கு பி.எஸ்.ஏ., நெஞ்சின் நடுவில் கட்டியோடு வரும் இளைஞனுக்கு ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்ற மார்க்கர்களும் பெரிய துப்பு. எதைப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் எழுதித் தரட்டும். எல்லாவற்றையும் அள்ளிப்போட்ட பேக்கேஜுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

அதே லேபைத்தான் இன்னும் கூப்பிடுகிறோம், ஆனால் சி.இ.ஏ. மட்டும். கீமோ ஆரம்பித்த பிறகு போன தடவை 68-லிருந்து 31-க்கு இறங்கியிருந்தது. அதே தம்பிதான் வருகிறார், சித்தி காபி போட்டு வைத்துக் காத்திருக்கிறார்.