ஸ்ட்ரோப் கோடுகள் அசையாமல் நிற்பதை நம்பி டர்ன்டேபிள் வாங்காதீர்கள்

பழைய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள், அதாவது பெல்ட்டால் சுழலும் இசைத்தட்டுக் கருவி, வாங்கப் போகிறீர்களா? அதுவும் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டிலிருந்து வந்ததா? நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வாங்கியது ஏ.ஆர். (அக்கூஸ்டிக் ரிசர்ச்) நிறுவனத்தின் எக்ஸ்.ஏ. மாடல். 1961-இல் வந்த, எட்கர் வில்ச்சரின் வடிவமைப்பு. சுழலும் தட்டையும் முள் இருக்கும் கையையும் ஒரே சட்டத்தில் பூட்டி, அதை ஸ்பிரிங்கில் மிதக்கவிட்டிருப்பார். மோட்டார் அந்தச் சட்டத்தில் இருக்காது. ரப்பர் பெல்ட் வழியாக மட்டுமே தட்டைச் சுழற்றும். அதனால் மோட்டாரின் அதிர்வு முள்ளை அவ்வளவாக எட்டாது. பிறகு வந்த தோரன்ஸ் டிடி 150, லின் சோண்டெக் டர்ன்டேபிள்கள் எல்லாம் இதே வழியில் நடந்தவைதான். ஆசைப்படாமல் எப்படி இருப்பது?

விற்றவர் பழைய ஒலிக்கருவிகளைச் சரிசெய்து விற்பவர். முழு சர்வீஸ், புது பெல்ட் என்றார். 120 வோல்ட் கருவி என்பதால் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்த்துக் கொடுத்து, "இனி உங்கள் வீட்டில் கவலையே இல்லாமல் ஓடும்" என்றார். வேகத்துக்குச் சான்றாக ஒரு வீடியோ வந்தது. அறை விளக்கின் கீழ் ஸ்ட்ரோப் அட்டை சுழல்கிறது, கோடுகள் ஆணி அடித்ததுபோல் நிற்கின்றன. (ஸ்ட்ரோப் என்பது சுற்றிலும் கோடுகள் அச்சிட்ட வட்ட அட்டை. வேகம் சரியாக இருந்தால், மினுக்கும் விளக்கின் கீழ் அந்தக் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும்.)

வந்த கருவியில் முதல் இசைத்தட்டைப் போட்டதும் பாடகியின் குரல் ஏறத்தாழ ஒன்றரைக் கட்டை இறங்கி ஒலித்தது. 20 நிமிடப் பக்கம் 24 நிமிடம் ஓடியது. கேட்டால், "வினைல் குரல் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், அதுதான் அனலாக் சுகம்" என்கிறார். அடுத்த முறை, புது பெல்ட் பழக வேண்டுமாம்.

விஷயம் இதுதான். இதில் இருப்பது சிங்க்ரோனஸ் மோட்டார். வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. மோட்டார் முனையில் பெல்ட்டை ஓட்டும் சக்கரம்தான் புல்லி. 60 ஹெர்ட்ஸுக்கான சிறிய புல்லியோடு 50 ஹெர்ட்ஸில் ஓடினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8 சுற்றுதான் கிடைக்கும்.

அப்படியானால் வீடியோவில் கோடுகள் எப்படி நின்றன? அங்கேதான் தந்திரம். 33⅓ வேகத்துக்கு 50 ஹெர்ட்ஸ் அட்டையில் 180 கோடுகள், 60 ஹெர்ட்ஸ் அட்டையில் 216. அவர் வைத்திருந்தது 216. 50 ஹெர்ட்ஸ் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். 27.8 வேகத்தில் 216 கோட்டு அட்டை சுற்றினால், நொடிக்குச் சரியாக 100 கோடுகள் கடக்கும். தவறான புல்லி, தவறான அட்டை, இரண்டும் கைகோத்துச் சரியான வேகம் போல நடிக்கின்றன! எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் ஸ்ட்ரோப்பை விட்டுவிடுங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி எடுத்த வீடியோ கேளுங்கள். 18 நொடியில் 10 சுற்று வர வேண்டும். எனக்கு வந்ததில் அதற்கு 21 நொடிக்கு மேல் ஆகிறது. புல்லி எந்த ஹெர்ட்ஸுக்கானது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கராட் 301 போன்ற ஐட்லர் டிரைவ்களிலும் (பெல்ட்டுக்குப் பதில் ரப்பர் சக்கரம் தட்டைச் சுழற்றும் வகை) 50, 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்பப் புல்லி மாறும். அதில் வேகம் திருத்தும் குமிழ் உண்டு, ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அது பத்தாது. 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 போன்ற குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவில் (மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுழற்றும் வகை) இந்தத் தொல்லை இல்லை, வேகத்தை உள்ளே இருக்கும் படிகமே தீர்மானிக்கிறது. அதில் வோல்டேஜை மட்டும் பார்த்தால் போதும்.

கணக்கை எழுதி அனுப்பியதும் அவரிடமிருந்து வந்த பதில்: "50 ஹெர்ட்ஸ் புல்லி இருக்கிறது, அது தனி விலை." ஆக, அவருக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. புல்லி வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லையாம். அதன்பின் பதிலே இல்லை.