பள்ளிப் பேருந்துக்குச் சொந்த மெக்கானிக்கா, வெளி ஒர்க்‌ஷாப்பா?

நெல்லை மாவட்டத்தில் திசையன்விளை, உவரி பக்கம் பேருந்து விடும் பள்ளி என்றால் என் ஓட்டு சொந்த மெக்கானிக்குக்குத்தான். ஒரு பக்கம் தேரிக்காட்டுச் செம்மண், மறுபக்கம் கடலின் உப்புக்காற்று. ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். படிக்கட்டுக்கு அடியில் தகடு துருவேறி உதிரும். ஏர் பிரேக் டேங்கில் தேங்கும் தண்ணீரைக் காலையில் திறந்துவிடவும், இருக்கைக்குக் கீழே குனிந்து தரைத்தகட்டைத் தட்டிப் பார்க்கவும் ஆள் கூடவே இருக்க வேண்டும். வண்டியை ரிப்பேருக்கு நெல்லை வண்ணார்பேட்டைக்கு அனுப்பினால் அன்றைக்கு டிரிப் போச்சு.

ஆனால் 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) டீசல் வண்டியில் கதை வேறு. பள்ளிப் பேருந்து தெருத்தெருவாக நின்று நின்றுதான் போகும்; புகை வடிகட்டியில் கரி சேர்ந்து டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஸ்பேனரை வைத்து அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்தான் கதி. பில்லைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். சரி, வேறு வழி?

பாளையங்கோட்டைக்குள் இரண்டு மூன்று வண்டி மட்டும் ஓட்டுபவர்கள் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டியதில்லை, வெளியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒன்றுதான்: மே மாத ஆர்.டி.ஓ. ஆய்வுக்கு முன்னால் எல்லாப் பள்ளி வண்டியும் ஒரே நேரத்தில் பெயின்டுக்கும் டிங்கரிங்குக்கும் வரிசை கட்டும். ஏப்ரலிலேயே விட்டுவிடுங்கள்.