லேசர் சென்டர் ஃபைண்டர் கிட் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

டிரில்லிங் மெஷினுக்கு ஒரு லேசர் சென்டர் ஃபைண்டர் (துளை விழப்போகும் இடத்தை ஒளிப்புள்ளியால் காட்டும் கருவி) நாமே செய்துகொள்ளலாமே என்று இறங்கினேன். ஷாங்க் (மெஷினில் மாட்டும் தண்டு), லேசர் மாட்யூல், செல் உறை, ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 'கோர்த்தால் போதும், காலிபரேட் செய்தது' என்று ஆன்லைனில் ஒருவர் விற்றார். வாங்கினேன். நீங்கள் வாங்காதீர்கள். கடைப் பெயர் போடவில்லை. இதே சாமான் வெவ்வேறு பெயரில் சுற்றுகிறது, பெயரைவிடச் சாமானை அடையாளம் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

விளம்பர வீடியோவில் சென்டர் பஞ்ச் குழிக்குள் (துளையின் மையத்தில் அடையாளமாகத் தட்டிய குழி) சிவப்புப் புள்ளி கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். வீடியோ முழுக்க ஸ்பிண்டில் (மெஷினில் டிரில்லைச் சுழற்றும் தண்டு) ஒரு சுற்றுகூடச் சுற்றாது. நிற்கிற லேசர் எங்கே வேண்டுமானாலும் புள்ளி வைக்கும். அது ஸ்பிண்டிலின் மையம்தானா என்பது ஓடவிட்டால்தான் தெரியும். தப்பாக இருந்தால் புள்ளி வட்டம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

வந்ததும் ஷாங்க்கில் டயல் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) போட்டேன். துளையும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் இல்லை. ஒரே பிடியில் கடையாமல், கழற்றி மாட்டிக் கடைந்த வேலை. சரி, அதை ஈடுகட்டத்தானே ஸ்க்ரூ என்று விட்டுவிட்டேன். கோளாறே அந்த ஸ்க்ரூவில்தான் இருந்தது.

கிட்டில் மாட்யூலைச் சுற்றி ஒரே வரிசையாக மூன்று கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு ஸ்க்ரூ). மாட்யூலின் பின்பக்கம் துளைக்குள் இறுக்கமாக நிற்கிறது. அப்படியென்றால் முன்பக்கத்தைச் சாய்க்கலாம், அவ்வளவுதான். மொத்த மாட்யூலையும் பக்கவாட்டில் நகர்த்த வழியில்லை. மாட்யூல், ஸ்பிண்டிலின் அச்சிலிருந்து 1 மி.மீ. தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். ஒளி 100 மி.மீ. கீழே அச்சைத் தொடும்படி சாய்த்துவிட்டால், அந்த உயரத்தில் புள்ளி அசையாது. மேசையை இன்னும் 100 மி.மீ. இறக்குங்கள். ஒளி அச்சைத் தாண்டி மறுபக்கம் 1 மி.மீ. போய்விடும், சுற்றும்போது 2 மி.மீ. அகல வட்டம் விழும். அவர்கள் சொல்லும் 'காலிபரேஷன்' ஒரே ஓர் உயரத்துக்குத்தான். ஜாபின் (துளை போடும் துண்டின்) கனம் மாறினாலே போச்சு. இரண்டு வரிசை ஸ்க்ரூ இருந்தால்தான் சாய்வையும் விலகலையும் தனித்தனியாக எடுக்க முடியும்.

இதோடு முடியவில்லை. ஸ்க்ரூவை இறுக்கியபோது லேசர் அணைந்தது, தளர்த்தினால் எரிந்தது. கழற்றிப் பார்த்தால், மாட்யூலின் பித்தளை உடம்பு பாசிட்டிவோடு சேர்ந்திருக்கிறது (இந்த வகையில் இது சகஜம்), ஷாங்க் நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவே காப்பாக ஒரு சுற்று டேப். ஸ்க்ரூ முனை டேப்பைக் குத்திக்கொண்டு உள்ளே போய் ஷார்ட் அடித்திருக்கிறது. நைலான் முனை ஸ்க்ரூ போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

விற்றவருக்கு எழுதினேன். வந்த பதில்: "சார், ஃபேக்டரி செட்டிங்ல இருந்த ஸ்க்ரூவ நீங்க தொட்டுட்டீங்க, வாரண்டி போச்சு." பெட்டியில் வந்த தாளிலேயே 'ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்துகொள்ளவும்' என்று அச்சடித்திருக்கிறது. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். ஸ்பிண்டிலை ஓடவிட்டு வட்டம் விழுவதையும் வீடியோவாக அனுப்பினேன். "கேமரா ஆங்கிள் சார்" என்றார். அதற்கு மேல் என்ன பேச?

பிறகு ஒரு 'சலுகை' வந்தது: கொஞ்சம் கூடக் கட்டினால் பச்சை லேசர் மாற்றித் தருகிறாராம். இங்கே கவனம் தேவை. மலிவான 532 நானோமீட்டர் பச்சை லேசர் பலவற்றுக்குள் இருப்பது 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு. வடிகட்டி வைக்காமல் மிச்சம் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியும் வெளியே வரும். அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் (NIST) 2010-இல் மலிவுப் பச்சை பாயிண்டர் ஒன்றில் இதை அளந்து எச்சரித்தது. பளபளப்பான இரும்பில் பட்டுத் திரும்பும் ஒளியைக் குனிந்து பார்க்கிற வேலை இது. கண்ணை வைத்து விளையாட முடியாது. சிவப்பு மாட்யூலிலும் 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட கிளாஸ் 2 என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். எனக்கு வந்ததில் எந்த முத்திரையும் இல்லை.

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு: மாட்யூலைத் தனியாக வாங்கி, ஷாங்க்கை லேத்தில் வெளிப்பக்கமும் துளையும் ஒரே பிடியில் கடைந்துகொள்ளுங்கள். வரிசைக்கு நான்காக இரண்டு வரிசை ஸ்க்ரூ. நான்கு தாடை சக்கில் ஜாபை மையப்படுத்துகிற அதே வேலைதான்: ஒன்றைத் தளர்த்து, எதிரே இருப்பதை இறுக்கு. டையோடு புள்ளி இயல்பிலேயே நீள்வட்டம்; முன்னால் சிறு ஊசித் துளை வைத்தால் சின்னதாகவும் மங்கலாகவும் ஆகும், இரண்டுமே நல்லது. லென்ஸ் மரையில் ஆட்டம் இருக்கும், ஃபோக்கஸைத் தொட்டாலே புள்ளி நகரும். எனவே முதலில் ஃபோக்கஸ், பிறகு ஸ்க்ரூ. மெதுவான வேகத்தில் ஓட்டி, மேசையை ஏற்றியும் இறக்கியும் பாருங்கள்.

என்னதான் செய்தாலும் இது மார்க்கிங் கோட்டில் துளை போடுவதற்குத்தான். 0.01 மி.மீ. வேண்டுமென்றால் எட்ஜ் ஃபைண்டரோ (ஜாபின் விளிம்பைத் தொட்டு இடம் கண்டுபிடிக்கும் கருவி) டயலோதான். '0.01 துல்லியம்' என்று எந்த லேசர் கிட் விளம்பரமாவது சொன்னால், ஸ்பிண்டில் ஓட இரண்டு உயரத்தில் எடுத்த வீடியோ கேளுங்கள். நான் கேட்டேன், இன்னும் வரவில்லை. பணமும்தான்.