போரூர் முதல் கோடம்பாக்கம் வரை: மூக்கு அலர்ஜியோடு மூன்று வருட ஸ்கூட்டர் பயணம்

மெட்ரோ வேலைக்காக ஆற்காடு சாலையைத் தோண்டியபோது எனக்குத் தும்மல் ஆரம்பித்தது. வளசரவாக்கம் தாண்டுவதற்குள் அடுக்கடுக்காகப் பத்துத் தும்மல் வரும், கண்ணில் நீர் கொட்டும், ஹெல்மெட்டுக்குள் ஒழுகும் மூக்கைத் துடைக்கவும் வழியிருக்காது. ஓடும் வண்டியில் தும்மினால் கண் தானாக மூடிக்கொள்ளும். அந்த ஒரு நொடிக்குப் பயந்துதான் வைத்தியத்தில் இறங்கினேன்.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் நானாகக் கேட்டு வாங்கிய சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து. இரண்டு சொட்டு விட்டால் சில நிமிடங்களில் மூக்கு திறந்துகொள்ளும். அந்தச் சுகத்தில் இரண்டு மாதம் விட்டேன். அப்புறம் தூசியே இல்லாத படுக்கையறையிலும் மூக்கடைப்பு. ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும் என்று காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கினார். அதை நிறுத்துவதற்குள் பல ராத்திரித் தூக்கம் போனது.

அவர் எழுதிக்கொடுத்தது ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரே, மூக்குக்குள் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து. முதல் வாரம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, இரண்டாவது வாரம்தான் வித்தியாசம் தெரிந்தது. நடுவில் ஒருமுறை மூக்கில் ரத்தம் வந்தது. இரண்டு துவாரத்துக்கும் இடையிலுள்ள நடுச்சுவரைப் பார்த்து அடித்ததுதான் காரணம். இப்போது தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது துவாரத்தில், இடது கையால் வலது துவாரத்தில், காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்கிறேன். பலமாக உறிஞ்சுவதில்லை. ரத்தம் திரும்ப வரவில்லை.

ஆனால் எனக்கு அதிகம் உதவியது சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவதுதான். 240 மில்லி பாட்டில், கூடவே வரும் உப்புப் பொட்டலம், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். குழாய்த் தண்ணீரை அப்படியே விடவே கூடாது. அரிதாக என்றாலும் மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாக உள்ளே போகலாம். முதல் நாள் வாஷ்பேசினில் சாம்பல் நிறக் கோழை விழுந்ததைப் பார்த்து அதிர்ந்துபோனேன். இவ்வளவும் மூக்குக்குள்ளா இருந்தது!

முகத்தில் கட்டிய கர்சீப் பெருந்தூசியைத்தான் தடுத்தது. என்95 மாஸ்க் மிக நுண்ணிய துகளிலும் குறைந்தது 95 சதவீதத்தை நிறுத்தும், இடைவெளி இல்லாமல் பொருந்தினால் மட்டும். கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்குப் பக்கம் காற்று கசிகிறது என்று அர்த்தம்; மாஸ்க்கின் மேல்விளிம்புக் கம்பியை மூக்கோடு அழுத்திவிடுவேன். டீசல் வாசனை அப்படியேதான் வரும், அது வாயு. வெயிலில் வியர்த்து நனைந்தால் மாற்றிவிடுவது நல்லது.

அலர்ஜிக்கான செட்ரிசின் மாத்திரை எனக்குத் தூக்கம் வரவைக்கிறது. அதனால் வண்டி ஓட்டும் பகலில் தொடுவதில்லை.

ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டது ஹெல்மெட்டின் உள்பஞ்சு. முதல்முறை கழற்றி பக்கெட்டில் ஊறவைத்தபோது தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு மாறியது. இப்போது சனிக்கிழமை ராத்திரி துவைத்துக் காயப்போட்டால் திங்கட்கிழமை காலைக்குள் உலர்ந்துவிடுகிறது.